மஃப்கூத்: காணாமற்போனவரும் காத்திருக்கும் குடும்பமும்



ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நம் பிள்ளைகள் நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரியவராகவே அறிந்திருக்கிறார்கள். அவருடைய வரலாற்றின் முற்பகுதியை மக்தபுகளில் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தாயார் ஸுஃதா தம் உறவினரைக் காணச் சிறுவரை அழைத்துச் சென்றிருந்த வேளையில், கொள்ளைக் கூட்டத்தார் பாய்ந்து அவரைப் பிடித்துச் சென்றனர். உக்காழ் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டு, ஹகீம் இப்னு ஹிஸாம் வழியாக அவர் கதீஜா (ரலி) அவர்களின் இல்லம் வந்து சேர்ந்தார். தந்தை ஹாரிஸாவுக்கோ மகன் உயிருடன் இருக்கிறானா, மாண்டுபோனானா என்பதே தெரியாது. அந்தத் தெரியாமையையே பாட்டாக்கிப் புலம்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பின்னர் கல்ப் குலத்தைச் சேர்ந்த பயணிகள் சிலர் ஹஜ்ஜுக்காக மக்கா வந்தபோது ஸைதை அடையாளம் கண்டுகொண்டனர். ஊர் திரும்பியதும் தந்தையிடம் செய்தியைச் சேர்த்தனர். அந்தப் பயணிகளின் பெயர்கள்கூட நமக்கு மனப்பாடமில்லை. ஆனால் ஒரு முகத்தை மறவாதிருந்ததும், ஒரு செய்தியைச் சுமந்து சென்றதுமே அந்தக் குடும்பத்தின் இருளை விலக்கின.

இதை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. மணலி ஆலைகளுக்கும் துறைமுகச் சாலைகளுக்கும் அருகே, கண்டெய்னர் லாரிகளின் ஓசை அடங்காத இந்த மாத்தூர்ப் பகுதியில், வேலைக்குச் சென்றவர் திரும்பவில்லை என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கப்பலுக்குப் போனவர், வளைகுடாவுக்குப் போனவர், லாரியுடன் வடக்கே போனவர், நினைவு தப்பிய முதுமையில் வாசலைத் தாண்டிப் போனவர் எனப் பலவிதம். சில மாதங்கள் கழிந்ததும் மத்ரஸாவின் வாசலுக்குக் கேள்விகள் வருகின்றன. ஜனாஸா தொழலாமா? மனைவி இத்தா இருக்க வேண்டுமா? வீட்டைப் பிரித்துக்கொள்ளலாமா? கேட்பவர் பெரும்பாலும் அந்த மனைவியோ தாயோ அல்லர். உறவினரே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இத்தகையவருக்கு ஒரு தனிப்பெயரே வைத்திருக்கின்றன: மஃப்கூத். உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்று அறியப்படாதவர். இறந்தவருக்குரிய சட்டம் அவருக்குப் பொருந்தாது. அவருடைய சொத்தில் வாரிசுகள் கைவைக்க முடியாது. தம் சொத்தைப் பொறுத்தவரை அவர் உயிருள்ளவராகவே கருதப்படுகிறார். அவருடைய உறவினர் ஒருவர் இறந்தால், அந்தச் சொத்தில் இவருக்கு வரக்கூடிய பங்கு தனியே எடுத்து வைக்கப்படும். இறப்பு உறுதியாகாத நிலையில் ஜனாஸா தொழுகையும் இல்லை. எனவே, "போய்விட்டார், அழுது முடித்துக்கொள்" என்று ஒரு தாயிடம் சொல்லும் உரிமை நமக்கு மார்க்கத்தால் தரப்படவில்லை.

மனைவியின் நிலையில்தான் பெருஞ்சிக்கல் எழுந்தது. உமர் (ரலி) அவர்கள், கணவனைக் காணாத பெண் நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, மணம் புரியலாம் எனத் தீர்ப்பளித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவு செய்கிறார்கள். மாலிக்கி அறிஞர்கள் இதனை விரித்து, வழக்கு காஜியிடம் வந்து, அவர் தேடச் செய்து, செய்தி கிட்டாதபோதே அந்த நான்கு ஆண்டுகள் தொடங்கும் என்றனர். தேடுவது அவள் தலையில் மட்டும் விழுந்த சுமையன்று என்பது இதில் அடங்கியிருக்கிறது. ஹனஃபி மத்ஹபிலோ, கணவனின் வயதொத்தவர்கள் மறையும் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்பதே பழைய நிலைப்பாடு. தொண்ணூறு வயது என்று கணக்கிட்டவர்களும் உண்டு. இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் காஜிகளின் அதிகாரம் ஒழிந்தபின் இந்தத் துயரம் பன்மடங்காயிற்று. பஞ்சாபில் சில பெண்கள் மணபந்தத்திலிருந்து விடுபட வேறு வழி காணாமல் மதம் மாறுவதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. அப்பெண்களைப் பழித்து உரை நிகழ்த்தியவர்கள் பலர். மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் அவ்வழியில் செல்லவில்லை. தாம் உறுதியான ஹனஃபியாக இருந்தும், மதீனாவின் மாலிக்கி முஃப்திகளுக்கு எழுதி ஃபத்வாக்கள் பெற்று, 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலதுந் நாஜிஸா' என்னும் நூலை வெளியிட்டார்கள். முஸ்லிம் நீதிபதி இல்லாத இடத்தில், நேர்மையும் அறிவும் உடைய முஸ்லிம்களின் குழு ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்னும் மாலிக்கிக் கருத்தும் அதில் இடம்பெற்றது. ஒரு மஹல்லா ஜமாஅத்தின் மீது இது எத்தகைய பொறுப்பைச் சுமத்துகிறது என்பதை நம் நிர்வாகிகள் ஒருமுறை அமர்ந்து யோசிக்கலாம்; சந்தாப் புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் சிறிது போதும்.

இந்தப் பின்னணியில், மத்திய சட்டசபையில் முஹம்மது அஹ்மத் காஸ்மி கொண்டுவந்த மசோதா 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்பது அதில் முதற் காரணமாக வைக்கப்பட்டுள்ளது. தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வராது. ஆறு மாதம் காத்திருக்கும். அதற்குள் கணவன் தோன்றி, இல்லறக் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தமாக இருப்பதாக நீதிமன்றத்தை நம்பச் செய்தால் தீர்ப்பு நீக்கப்படும். சொத்துக்குரிய கணக்கு வேறு. ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லாதவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. இன்றைய புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நான்கையும் ஏழையும் குழப்பிக்கொண்டு, ஏழாண்டுகள் வீணே காத்திருந்த பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சட்டம் இருந்தால் போதுமா? கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் இலங்கையின் வரலாறு இதற்கு விடை தருகிறது. இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டபோது, 1984இல் யாழ்ப்பாணத்தில் தாய்மார்கள் அன்னையர் முன்னணியாகத் திரண்டு அரசாங்க அதிபரின் அலுவலகம் நோக்கி நடந்தனர். 1990இல் தெற்கில், மாத்தறைப் பகுதியில், சிங்களத் தாய்மார்கள் அதே பெயரில் கூடினர்; ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு ஒடுக்கிய காலத்தில் மறைந்துபோன பிள்ளைகளுக்காக. அவர்களுக்குத் துணைநின்ற அரசியல்வாதிகளுள் ஒருவர் மஹிந்த ராஜபக்ச. காணாமற்போனோர் பற்றிய ஆவணங்களுடன் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட அவர், 1990 செப்டம்பரில் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு, அவை பறிமுதல் செய்யப்பட்டன. அவரே அதிபராக இருந்த காலத்தில் முடிவடைந்த போரின் பின், வன்னித் தாய்மார்கள் அதே கேள்வியை அவரிடம் கேட்க நேர்ந்தது. குடும்பங்களின் தேடலை ஒரு கட்சியின் வண்டியில் ஏற்றினால் அது எங்கே இறக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

முஸ்லிம்களும் இந்தத் துயரத்துக்கு வெளியே இல்லை. 1990 ஜூலையில் காத்தான்குடி நோக்கிச் சென்ற முஸ்லிம் பயணிகள், ஹஜ்ஜிலிருந்து திரும்பியோர் உட்பட, குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். உடல்கள் குடும்பங்களுக்குக் கிட்டவில்லை. குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கும் கடமையைச் செய்ய இயலாத அக்குடும்பங்கள், புதைக்கப்பட்ட இடத்தைத் தோண்டித் தருமாறு பல ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்டுக்கொண்டிருந்தன. கிளிநொச்சித் தாயும் காத்தான்குடி மகனும் வேறு வேறு கைகளால் காயப்பட்டவர்கள். கேட்பது மட்டும் ஒன்றே.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உறவுகள் தெருவோரப் பந்தலில் அமர்ந்தனர். நாட்கள் ஆண்டுகளாயின. பதில் கேட்டு அமர்ந்த பெற்றோர் பலர் பதிலின்றியே இறந்தனர். 2016இல் நிறைவேறிய சட்டத்தின் வழியே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. குடும்பங்களில் பெரும்பகுதியினர் அதை நம்ப மறுத்தனர். அதே 2016இல் நடந்த இன்னொரு மாற்றம் எமக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. அதுவரை வங்கிக் கணக்குக்கோ நிலத்துக்கோ உதவித்தொகைக்கோ தாய் ஒருத்தி அலுவலகம் சென்றால், மகனின் இறப்புச் சான்றிதழை வாங்கி வா என்பதே பதில். வாங்கினால், அவனைத் தன் கையாலேயே கொன்றதுபோல் அவள் உணர்ந்தாள். புதிய திருத்தம், ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் தனிச் சான்றிதழுக்கு வழிசெய்தது. நம் ஃபுகஹாக்கள் மஃப்கூத் என்று பெயரிட்ட அந்த இடைநிலைக்கு ஓர் அரசாங்கக் காகிதம் கிடைத்தது என்று சொல்லலாம். ஆயினும் 2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டனர் என்று அதிபர் கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் கூறினார். எங்கே, எப்போது, யார் கையால் என்னும் கேள்விகள் அப்படியே நின்றன.

நம் கரையில், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கடலில் சிதறடித்தபோது, தூத்தூர் வட்டாரத்துக் கிறித்தவப் பங்குகள் செய்த பணியை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அரசின் எண்ணிக்கைக்குக் காத்திராமல், எந்தப் படகில் யார் சென்றார் என்று ஊர்வாரியாகப் பெயர்ப்பட்டியல் எழுதினார்கள். அரசின் கணக்கு குறைவாக இருந்த இடங்களில் அந்தப் பட்டியலே வாதாடியது. 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பாத படகொன்றின் மீனவர்கள், ஐம்பது நாட்களுக்கும் மேலாகக் கடலில் தத்தளித்து மியான்மர் அருகே உயிருடன் கண்டறியப்பட்டனர். அந்த ஐம்பது நாட்களில், இனி நம்பிக்கையில்லை என்று ஆறுதல் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

இங்கே ஸப்ரு என்னும் சொல்லைக் குறித்தும் ஒன்று கூற வேண்டும். யஃகூப் (அலை) அவர்களை அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். கவலையால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போன செய்தியும் அதே சூராவில் உள்ளது. யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறும், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் புதல்வர்களை அவர்கள் அனுப்பிய செய்தியும் அங்கேயே உள்ளது. பொறுமை என்று சொல்லிக் காவல் நிலையத்துக்குப் போகாமல் ஒரு குடும்பத்தைத் தடுப்பவர் அந்த சூராவைப் பாதியில் நிறுத்தியவராவார்.

நம் மஹல்லாக்களில் செய்யத் தக்கது பெரிய அமைப்பு எதுவும் வேண்டாதது. எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞரும், தனியே பேச ஒரு பெண்மணியும் போதும். முதல் நாளே குடும்பத்துடன் காவல் நிலையம் செல்ல வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் கழியட்டும் என்று யாரேனும் சொன்னால், அப்படியொரு சட்டம் இல்லை என்று பணிவுடன் எடுத்துரைக்க வேண்டும். காணாமற்போனது குழந்தையென்றால், கடத்தல் எனக் கருதி உடனே வழக்குப் பதிய வேண்டும் என்பது 2013இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை; 1098 என்னும் எண்ணையும் அழைக்கலாம். ஒருவரைச் சட்டவிரோதமாக யாரோ பிடித்து வைத்திருப்பதாக ஐயம் இருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு வழியுண்டு. அதற்கான வழக்கறிஞரை இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவமனைகளின் பிணவறைக்குச் சென்று பார்க்க நேர்ந்தால் தாயையோ மனைவியையோ அனுப்பாமல் ஜமாஅத்தார் செல்லட்டும்.

புகார் கொடுத்ததும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியேறக் கூடாது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெண் குடும்ப நீதிமன்றத்தின் படியேறினாலும், ஏழு ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகள் வீட்டுப் பத்திரத்துக்காக நின்றாலும், தேடினோம் என்பதற்கு அதுவே முதற் சான்று. அதன் நகலொன்றை ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில், அந்தத் தம்பதியரின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம்.

வஸ்ஸலாம்.