ஓடிய எலிகள் சொன்ன உண்மை

உடற்பயிற்சி தசைகளுக்கு வலுவூட்டும் என்பது நாம் அறிந்ததே. அது மூளையையும் மாற்றும் என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. இதற்கு ஒரு மேதையின் சொல்லே தடையாக நின்றது.

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹால் 1906-ல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ச்சி முடிந்த மூளையில் நரம்பணுக்கள் இறக்கலாம். புதிதாகப் பிறப்பதில்லை என்று அவர் எழுதினார். அன்றைய நுண்ணோக்கியில் புதிய அணுவையும் பழைய அணுவையும் பிரித்தறிவது அரிது. எனினும் அவர் கூற்று சட்டம்போல் நிலைத்துவிட்டது.

1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் புதிய உத்தி ஒன்றைக் கையாண்டார். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தைமிடின் என்ற பொருளை ஏற்றுக்கொள்ளும். கதிரியக்கமுள்ள தைமிடினை எலிக்குச் செலுத்தினால், அப்போது பிறக்கும் அணுக்கள் அந்த அடையாளத்தைத் தாங்கி நிற்கும். 1965-ல் ஆல்ட்மனும் கோபால் தாஸும், நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியில் இத்தகைய புதிய நரம்பணுக்களைக் கண்டதாக அறிவித்தனர். விஞ்ஞான உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. 1999-ல் கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் வான் பிராக், கேஜ் ஆகியோர் சில சுண்டெலிகளின் கூண்டில் ஓடுசக்கரம் வைத்தனர். யாரும் விரட்டவில்லை, அவை தாமாகவே ஓடின. சக்கரம் இல்லாத எலிகளைவிட அவற்றின் ஹிப்போகாம்பஸில் ஏறத்தாழ இரு மடங்கு புதிய அணுக்கள் நிலைத்திருந்தன!

இது எப்படி நிகழ்கிறது? ஓடும் எலிகளின் மூளையில் பி.டி.என்.எஃப். என்ற புரதம் மிகுவதை 1995-லேயே கண்டிருந்தனர். 1982-ல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதம், பயிருக்கு உரம்போல் நரம்பணுக்களைப் பேணுகிறது.

மனிதரில்? 2011-ல் வெளியான ஆய்வில் முதியோர் 120 பேர் பங்குகொண்டனர். ஒரு சாரார் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, இதயத்துடிப்பு உயருமாறு நடந்தனர். ஓராண்டில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோருக்கோ அது சற்றுச் சுருங்கியது.

இப்பெருக்கம் புதிய நரம்பணுக்களால்தான் என்று சொல்லிவிட முடியாது. முதிர்ந்த மனித மூளையில் அவை பிறக்கின்றனவா என்பதிலேயே 2018-ல் இரு குழுக்கள் நேர்மாறான முடிவுகளை வெளியிட்டன. ஆனால் பயிற்சியால் மூளை மாறும் என்பது உறுதியாகிவிட்டது.

தம் கடுமையான தீர்ப்பை, இயலுமானால் வருங்கால விஞ்ஞானம் மாற்றட்டும் என்று கஹாலே எழுதியிருந்தார். அவரைப் போற்றியவர்கள் அந்த வரியைத்தான் மறந்துவிட்டனர்!