நாற்காலி மாறினாலும் பட்டம் மாறாத ஊர்: ஜொகூர் காற்பந்தில் பயிற்றுநர் மாற்றங்கள், 1991–2025

மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை 2014 முதல் 2023 வரை ஒரே கழகம் பத்து முறை தொடர்ந்து வென்றது. ஜேடிடி என்று ஊரே சுருக்கி அழைக்கும் ஜொகூர் டாருல் தக்சிம்தான் அது. இந்தச் சாதனையை விளக்க முற்படுவோர் பணம், அரச குடும்பத்தின் ஆதரவு, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஆகிய மூன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே பத்தாண்டுகளின் பயிற்றுநர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் வேறொரு விசித்திரம் தெரிகிறது. 2014, 2015, 2017, 2018, 2022, 2023 ஆகிய ஆறு ஆண்டுகளில் பருவத்தைத் தொடங்கிவைத்த தலைமைப் பயிற்றுநர் அதை முடித்துவைக்கவில்லை. பயிற்றுநரை நடுவழியில் மாற்றிய அணி கீழே சரியும் என்பதுதான் உலகெங்கும் உள்ள அனுபவம். ஜொகூரில் அந்த ஆறு முறையும் பட்டம் வந்தது. பெயர் பெற்ற பயிற்றுநருக்கு அடுத்து யார் என்ற கேள்வி இந்த மாநிலத்தில் எப்போது, எப்படி வலுவிழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தக் கேள்வியை மிகவும் உணர்ச்சிவசப்பட்டு விவாதிக்கும் சமூகம் அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டுச் சமூகம். அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணியை 25 பருவங்கள் நடத்தி ஆறு தேசியப் பட்டங்கள் பெற்றுத்தந்த பால் 'பேர்' பிரையன்ட், 1982 டிசம்பர் 29 அன்று தம் கடைசி ஆட்டத்தை முடித்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1983 ஜனவரி 26 அன்று காலமானார். அவருக்குப் பின் வந்த ரே பெர்கின்ஸ் நான்கு பருவங்களில் தோற்றதைவிட இருமடங்கு ஆட்டங்களை வென்றார். ஆனாலும் இன்றுவரை 'பிரையன்டுக்கு அடுத்து வந்தவர்' என்பதே அவர் அடையாளம். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ கூடைப்பந்து அணிக்குப் பத்துப் பட்டங்கள் வென்றளித்த ஜான் வுடன் 1975இல் ஓய்வு பெற்றதும் ஜீன் பார்ட்டோ பொறுப்பேற்றார். இரண்டு பருவங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. அதுவும் போதவில்லை, கிளம்பிவிட்டார். மான்செஸ்டர் யுனைடெட்டில் 2013இல் சர் அலெக்ஸ் ஃபெர்குசனே கைகாட்டிய டேவிட் மோயஸ் ஆறாண்டு ஒப்பந்தத்தில் பத்து மாதம்தான் தாக்குப்பிடித்தார்.

மறுபக்கச் சான்றும் உண்டு. 1974இல் பில் ஷாங்க்லி திடீரென விலகியபோது, பல்லாண்டுகள் அவருக்குத் துணையாக இருந்த பாப் பெய்ஸ்லி லிவர்பூலின் பொறுப்பை ஏற்றார். ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கிண்ணம். ஷாங்க்லியே தொட்டதில்லை இந்த உயரத்தை. வெளியிலிருந்து வந்தவர்கள் தடுமாற, உள்ளேயே வளர்ந்தவர் நிலைத்தார் என்று பொதுவிதி வகுக்க ஆசை வரும். ஜொகூரின் கதை அந்த விதிக்கும் முழுதாக அடங்குவதில்லை.

ஜொகூரில் இதன் முதல் அத்தியாயம் 1991. மைக்கேல் உருக்கலோவின் பயிற்சியில் ஜொகூர் மாநில அணி அவ்வாண்டு அரைத்தொழில்முறை லீக்கின் முதல் பிரிவையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3–1 என வீழ்த்தியதை ஜொகூர் பாருவின் மூத்த ரசிகர்கள் இன்றும் தேதி தவறாமல் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த அப்பாஸ் சாதும் அலிஸ்டர் எட்வர்ட்ஸும் அந்த அணியின் கூர்முனை. எட்வர்ட்ஸின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு நடந்தது, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 1998இல் ஓர் எஃப்ஏ கிண்ணம் கிடைத்ததைத் தவிர, அடுத்த முதல்நிலை லீக் பட்டத்துக்கு ஜொகூர் 23 ஆண்டுகள் காத்திருந்தது. மலேசியக் கிண்ணத்துக்கு 26 ஆண்டுகள். உருக்கலோவுக்கு அடுத்து வந்தவர்கள் அனைவரும் திறமையற்றவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் அக்கால அமைப்பைப் பார்த்தாலே காரணம் விளங்கும். அரசு மானியம், மாறும் சங்க நிர்வாகம், ஓராண்டு இரண்டாண்டு ஒப்பந்தம் என்றிருந்த சூழலில் பயிற்றுநர் சேர்த்து வைத்த அறிவு முழுவதும் அவரோடே மூட்டைகட்டிப் போய்விடும். அடுத்தவர் வெறுந்தரையிலிருந்து தொடங்க வேண்டும். அதே மாநிலத்தில் ஜொகூர் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 1972 முதல் இயங்கிய மற்றோர் அணி தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரே ஊர், இரண்டு அணி, பிரிந்த ரசிகர்கள்.

இடையே ஒரு கிளைக்கதை. 1997 நவம்பர் 16 அன்று ஜொகூர் பாருவின் லார்கின் அரங்கில் ஜப்பானும் ஈரானும் உலகக் கிண்ணத் தகுதிக்காக மோதின. தகுதிச் சுற்றின் நடுவே கமோ ஷு நீக்கப்பட்டு, அதற்கு முன் எந்த அணிக்கும் தலைமை தாங்கியிராத அவருடைய உதவியாளர் ஒகாடா தகேஷி பயிற்றுநராகியிருந்தார். மாற்றாட்டக்காரராக இறங்கிய ஒகானோ மசயுகி 118ஆம் நிமிடத்தில் அடித்த தங்கக் கோல் ஜப்பானை முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு அனுப்பியது. ஜப்பானியர் அந்த இரவை 'ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி' என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். நடுவழிப் பயிற்றுநர் மாற்றம் பலனளித்த முதல் பெரிய நிகழ்வை லார்கின் பார்த்தது சொந்த அணியின் மூலம் அல்ல என்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

திருப்பம் 2012இன் இறுதியில் வந்தது. ஜொகூர் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் மாநிலக் காற்பந்தின் தலைமையை ஏற்று, 2013 பருவத்துக்கு எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார். வளர்ச்சிக் கழக அணி சூப்பர் லீக் முதன்மை அணியாயிற்று. மாநில அணி இரண்டாம் அணியாயிற்று. முதல் பயிற்றுநர் ஃபாண்டி அகமது. ஆட்டக்காரராக அவர் ஒரு சகாப்தம். 1992இல் பகாங், 1994இல் சிங்கப்பூர் என இரட்டைப் பட்டம் வென்ற இரு அணிகளிலும் ஆடியவர். அந்தப் புகழ் அவரைக் காப்பாற்றவில்லை. எஃப்ஏ கிண்ண இறுதியில் கிளந்தானிடம் 0–1 எனத் தோற்ற அதே ஆண்டில் விலகினார். புதிய நிர்வாகம் பெயரைப் பார்த்துப் பொறுமை காக்காது என்பதற்கு இதுவே முதல் அறிவிப்பு.

ஸ்பெயின்காரர் செசார் ஃபெர்ராண்டோ, குரோவேஷியர் போயன் ஹோடாக், அர்ஜென்டினர் மரியோ கோமஸ் என அடுத்தடுத்து வந்தார்கள். கிளந்தானுக்கு 2012இல் மூன்று பட்டங்கள் பெற்றுத்தந்த ஹோடாக், ஃபெர்ராண்டோ பாதியில் விட்ட 2014 பருவத்தை முதல் சூப்பர் லீக் பட்டமாக முடித்தார். அடுத்த ஏப்ரலில் அவரும் இல்லை. இண்டர் மிலானிலும் வலென்சியாவிலும் எக்டோர் கூப்பருக்கு உதவியாளராக இருந்த கோமஸ் அந்த இடத்துக்கு வந்து, 2015 அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோலை 1–0 என வென்று ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. லீக் பட்டம் வென்ற பயிற்றுநரை அடுத்த பருவத்தின் நடுவிலேயே அனுப்பிவிட்டு, அதே ஆண்டில் அவரால் முடியாததைச் சாதித்ததுதான் ஜேடிடி நிர்வாகத்துக்கு அசைக்க முடியாத தன்னம்பிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தத் தன்னம்பிக்கைக்கு விலையும் இருந்தது. 2017இல் பெஞ்சமின் மோராவிடமிருந்து போர்த்துகலின் உலிசெஸ் மொராய்ஸ் பொறுப்பை வாங்கி, கெடாவை 2–0 என வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை ஜொகூருக்கு மீட்டார். 2018இல் மொராய்ஸ், ராவுல் லோங்கி, முன்னாள் ஆட்டக்காரர் லூசியானோ ஃபிகெரோவா எனப் பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. லீக் பட்டம் மட்டும் கைநழுவவில்லை. எஃப்ஏ கிண்ணம் பகாங்குக்கும் மலேசியக் கிண்ணம் பேராக்குக்கும் போயின. நீண்ட லீக்கில் ஆட்டக்காரர்களின் தரம் குழப்பத்தை மூடிமறைத்துவிடும். ஓர் இரவில் முடியும் கிண்ண ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. இந்த ஓராண்டை விட்டுவிட்டு ஜேடிடியின் வரலாற்றை எழுதுவோர் பாதி உண்மையைத்தான் எழுதுகிறார்கள்.

மோரா மீண்டும் வந்தார். இரண்டாம் அணியில் தொடங்கி, முதல் அணியில் ஒருமுறை இருந்து, விலகித் திரும்பிய இந்த மெக்சிகோக்காரர்தான் ஜேடிடியின் 'பெய்ஸ்லி'. 2019, 2020, 2021 என மூன்று லீக் பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றவர். 2019 மே மாதம் லார்கினில் ஜப்பானின் காஷிமா ஆன்ட்லர்ஸை 1–0 என வீழ்த்தினார். 2020இல் கழகம் இஸ்கந்தர் புத்திரியில் சுமார் 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்குக்குக் குடிபெயர்ந்தது. 2022 ஏப்ரலில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கவாசாகி ஃப்ரன்டேல், உல்சான் ஹியூண்டாய் ஆகிய பெரும் அணிகள் இருந்த குழுவில் முதலிடம். மலேசியக் கழகம் எதுவும் அதுவரை எட்டாத நாக்-அவுட் சுற்று. ஆகஸ்டில் உராவா ரெட்ஸ் 5–0 என அந்தக் கனவைக் கலைத்தது. பருவம் முடியுமுன் மோரா கிளம்பினார். அவ்வாண்டு முடிவதற்குள் தாயகத்தின் அட்லாஸ் கழகத்தில் பொறுப்பேற்றார்.

ஜொகூரின் கதையில் 'ஜாம்பவானுக்கு அடுத்து யார்' என்ற கேள்வி உண்மையாகவே எழுந்த ஒரே தருணம் இது. விடை சில வாரங்களில் கிடைத்தது. எக்டோர் பிடோக்லியோ பொறுப்பேற்று எஃப்ஏ கிண்ணம், லீக், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அதே 2022இல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று பட்டம் பெற்றுத்தந்தவரையே தொடரவிடாமல் 2023க்கு எஸ்தெபான் சொலாரியை அழைத்தது கழகம். அது சரிவராமல் அவ்வாண்டே பிடோக்லியோ திரும்பினார். மீண்டும் மூன்று பட்டம். 2024–25இலும் லீக் பட்டம் தவறவில்லை.

இதன் இயக்கம் என்ன? பயிற்றுநருக்கு மேலே ஒரு நிரந்தர அடுக்கு இருக்கிறது. 1991 அணியில் ஆடிய எட்வர்ட்ஸ் பின்னாளில் இக்கழகத்தின் தொழில்நுட்ப இயக்குநரானார். அர்ஜென்டினர் மார்ட்டின் பிரெஸ்ட் ஆட்டக்காரர் தேர்வைக் கவனித்தார். யாரை வாங்குவது, யாரை விடுவது, இளையோர் அணியில் எந்தப் பாணியில் பயிற்சி ஆகியவை தலைமைப் பயிற்றுநரின் பெட்டிக்குள் இருப்பவை அல்ல. உருக்கலோ போனபோது மாநிலமே வெறுங்கையோடு நின்றது. மோரா போனபோது அவருடைய விளையாட்டுப் பலகையைத் தவிர எதுவும் வெளியேறவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மலேசிய இந்தியர் எல்லோருக்கும் நெருக்கமானது. கே. ராஜகோபால் 2009இல் தேசிய அணியின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே சீ விளையாட்டுத் தங்கம், 20 ஆண்டுகளுக்குப் பிறகு. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் 4–2 என வென்று மலேசியாவுக்குத் தென்கிழக்காசிய நாடுகளுக்கான முதல் சுசுகி கிண்ணம், நாட்டுக்கே பொதுவிடுமுறை. 2013 இறுதியில் அவர் போன பிறகு டோலா சாலே வந்தார். 2014 சுசுகி கிண்ண இறுதிவரை போனார், தாய்லாந்திடம் தோற்றார். 2015 செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 10–0 எனத் தோல்வி. அவர் விலகினார். டோலாவை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ராஜகோபாலின் காலத்தில் கட்டப்பட்டவை அவருடைய தனிப்பட்ட உழைப்பில் நின்றவை. சங்கத்தின் அமைப்பில் வேரூன்றவில்லை. அவரது 2010 அணியின் சஃபிக் ரஹிம், சஃபி சாலி, நோர்ஷாருல், குணாலன் ஆகியோர் பின்னர் ஜொகூரின் சீருடையில் ஆடினார்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். பயிற்றுநருக்குப் பின் தேசிய அணியில் சிதறிய தலைமுறையின் பயனைக் கழகம் ஒன்று அறுவடை செய்தது.

இதை வைத்து 'பயிற்றுநரை அடிக்கடி மாற்றுங்கள்' என்று முடிவுகட்டினால் அது தவறாகும். இங்கிலாந்தின் வாட்ஃபோர்டை 2012இல் வாங்கிய பொட்ஸோ குடும்பமும் இதே கொள்கையைத்தான் கடைப்பிடித்தது. 2021இல் அவர்களைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிய ஸிஸ்கோ முனோஸை அதே ஆண்டு ஏழு லீக் ஆட்டங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2022இல் அணியே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. வாட்ஃபோர்டின் போட்டியாளர்களிடம் அதைவிடப் பெரிய பணப்பெட்டி இருந்தது. மலேசியாவில் ஜேடிடியோடு பணத்தில் போட்டியிட ஆளில்லை. உள்நாட்டுப் பட்டங்கள் இந்தக் கொள்கையின் வெற்றியை அளக்கப் போதுமான அளவுகோல் அல்ல. ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரங்கிலோ, நிலைத்து நின்ற பயிற்றுநர்களின் ஆண்டுகளே ஒளிர்கின்றன: மோராவின் 2022, பிடோக்லியோவின் 2024–25. உள்நாட்டிலும் இந்த ஏகபோகத்தை உடைத்தவர் ஒருவர் உண்டு. 2021 நவம்பர் 30 அன்று மலேசியக் கிண்ண இறுதியில் மோராவின் ஜேடிடியை 2–0 எனக் கவிழ்த்த கோலாலம்பூர் சிட்டியின் பயிற்றுநர், 2015இல் ஜொகூர் வேண்டாமென்று அனுப்பிய அதே போயன் ஹோடாக். கையில் சிறிய அணி. ஆனால் நேரம் கொடுக்கப்பட்ட பயிற்றுநர்.

2025இல் பிடோக்லியோவின் இடத்துக்கு ஜொகூர் தேர்ந்தெடுத்தது அந்த ஸிஸ்கோ முனோஸைத்தான். இம்மாற்றம் ஊரில் பெரிய சலனத்தை எழுப்பவில்லை. ஜொகூரில் நிரந்தரமாக இருந்தவர் துங்கு இஸ்மாயில் ஒருவர் மட்டுமே. 2024 ஜனவரி 31 அன்று சுல்தான் இப்ராஹிம் மாமன்னராகப் பதவியேற்றதையொட்டி, அவர் ஜொகூரின் இடைக்கால ஆட்சியாளரானார். பதினோரு லீக் பட்டங்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே தலைமை துங்கு இஸ்மாயிலுடையது. அலபாமா பிரையன்டைப் பற்றிக் கேட்ட கேள்வியை ஜொகூர் தன் பயிற்றுநர்களைப் பற்றிக் கேட்கத் தேவையில்லாமல் போனது இதனால்தான். கேட்கவேண்டிய நாள் வந்தால் அது உரிமையாளரின் நாற்காலியைப் பற்றியதாக இருக்கும், அதற்கு மாற்றாள் பட்டியல் எதுவும் கழகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இல்லை.