ஜிப்ஸியும் மூணு எஞ்சினும்

பழைய ஜிப்ஸி ஒண்ணு வாங்கி, பொங்கலுக்கு உப்பலில் இருந்து ஊருக்கே ஓட்டிப் போகலாம்னு ஆசைப்படும் மக்களே, எந்த வருஷத்து வண்டின்னு முதல்ல பாருங்க.

1985 டிசம்பரில் மாருதி ஜிப்ஸி வந்தபோது 970 சிசி எஞ்சின், 45 குதிரைத்திறன், நாலே கியர். காட்டுக்குள்ள சூரப்புலிதான். ஆனா கிட்டத்தட்ட ஒரு டன் வண்டி, நெடுஞ்சாலையில் லாரியை முந்தணும்னா கியரைக் குறைச்சு, மிதிச்சு, குலசாமியைக் கும்பிட்டுக்கணும் :-)

1996-ல் ஜிப்ஸி கிங். 1298 சிசி, 60 குதிரைத்திறன், அஞ்சு கியர். வேகமாகப் போனாலும் எஞ்சின் அவ்வளவு கதறாது. 2000-ல் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது: 16 வால்வு, 80 குதிரைத்திறன். குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்து மல்லுக்கட்டும் வேலை போச்சு, முந்துவதும் சுலபமாச்சு. இதிலும் ஒரு வில்லங்கம். முழு இழுவை 4500 சுற்றில்தான் கிடைக்கும். உப்பல் ரிங் ரோடு நெரிசலில் கியர் மாத்தியே கை ஓயும்.

எஞ்சின் இப்படி மாறிக்கிட்டே இருக்க, அடியில் இருந்த பட்டை ஸ்பிரிங் மட்டும் கடைசிவரை மாறவேயில்லை. ராணுவமும் போலீசும் அதைச் சட்டை பண்ணலை. பின்னால் பக்கவாட்டு சீட்டில் குலுங்கின குடும்பங்கள் பண்ணின. ஜிப்ஸி வீட்டு வண்டி ஆகாததுக்கு நான் எஞ்சினைக் குறை சொல்லமாட்டேன். 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனையும் நின்னு போச்சு.