பதிவேடு, காலக்கெடு, மெத்தடோன்: இந்தியாவில் பராமரிப்புச் சிகிச்சையின் வரலாறு

2014ஆம் ஆண்டு, போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்துக்கு நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்க வழிசெய்தது என்பதற்காகவே அத்திருத்தம் பெரிதும் பேசப்பட்டது. அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு மாற்றமும் அதில் இருந்தது. போதைப்பொருளைச் சார்ந்துவிட்டவர்களுக்காக அரசு அமைக்கும் மையங்கள் என்னென்ன செய்யலாம் என்று சட்டத்தின் 71ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: அடையாளம் காணுதல், சிகிச்சை, கல்வி, பின்கவனிப்பு, மறுவாழ்வு, சமூகத்தில் மீண்டும் இணைத்தல். இப்பட்டியலில் சிகிச்சைக்கு அடுத்து ‘மேனேஜ்மென்ட்’ என்ற ஒரு சொல் புகுத்தப்பட்டது. ‘மேலாண்மை’ என்னும் வழக்கமான தமிழாக்கம் இங்கே பொருந்தாது. நீரிழிவைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் சொல்லும் ‘கட்டுக்குள் வைத்தல்’ என்பதே அதன் பொருளுக்கு நெருக்கமானது.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. அபினி வகைப் பொருளைச் சார்ந்துவிட்ட ஒருவருக்கு, அதே வகையைச் சேர்ந்த மற்றொரு மருந்தை, மருத்துவரின் மேற்பார்வையில், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் கொடுப்பது சிகிச்சையா, பழக்கத்துக்கு அரசு அளக்கும் படியா? மெத்தடோனோடு சேர்ந்து மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான கேள்வியாகவே இது பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் இந்திய அரசு நிர்வாகம் இக்கேள்வியை அதற்கு நெடுநாள் முன்பே சந்தித்து, ஒரு விடையும் கண்டு, பின்னர் அந்த விடையைத் தானே அழித்துவிட்டது.

அபினி இந்தியாவுக்கு அரபு வணிகத்தின் வழியே வந்தது. கிரேக்க ‘ஓப்பியன்’ அரபியில் ‘அஃப்யூன்’ ஆகி, வடமொழியில் ‘அஹிபேனம்’, அதாவது பாம்பின் நுரை, என்று புதுப்பொருள் ஏற்றது. இராஜஸ்தானத்தில் அதற்கு ‘அமல்’ என்று பெயர்; விருந்தினருக்கு அபினி கரைத்த நீரை உள்ளங்கையில் வார்த்துத் தருவது அங்கே மரியாதை. பொருளுக்குரிய அதே சொல் பழக்கத்தையும் குறிக்கும். மருந்து எங்கே முடிகிறது, பழக்கம் எங்கே தொடங்குகிறது என்னும் கோட்டை இத்தகைய மொழிவழக்கு வரைவதில்லை. 1893 முதல் 1895 வரை பணியாற்றிய அபினிக்கான அரச ஆணையமும் இந்தியாவில் அக்கோட்டை வரைவது கடினம் என்றே கண்டது. அபினி வருவாயைக் காக்கும் நோக்கம் ஆணையத்தின் முடிவில் கலந்திருந்தது என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. எனினும், வலிக்காகவும் வயிற்றுப்போக்குக்காகவும் முதுமையின் தளர்ச்சிக்காகவும் வைத்தியரின் சீட்டின்றி மக்கள் அபினி உட்கொண்டனர் என்பது உண்மை. ‘பாதி மருத்துவம்’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரால் அதிகாரிகள் அதைக் குறித்தனர். பிற்காலத்தில் அத்தொடர் பன்னாட்டு உடன்படிக்கைகளுக்குள்ளும் நுழைந்தது.

விடுதலை பெற்ற இந்தியா இந்தப் பாதி நிலையை ஏற்கவில்லை. 1949இல் கூடிய அனைத்திந்திய அபினி மாநாடு, மருத்துவம் சாராத அபினிப் பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாக ஒழிப்பதென முடிவு செய்தது. 1959 ஏப்ரல் முதல், பதிவு பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அபினி வழங்குவது நின்றது. பல ஆண்டுகளாக உட்கொண்டு வந்தவர், நிறுத்தினால் உடல் தாங்காது என்று மருத்துவரிடம் சான்று பெற்றால், பதிவேட்டில் அவர் பெயர் ஏறும். குறித்த அளவு அபினி உரிமக் கடையில் அவருக்குக் கிடைக்கும். 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையும், ‘பாதி மருத்துவ’ப் பயன்பாட்டை முடித்துக்கொள்ள, அது நடைமுறைக்கு வந்ததிலிருந்து 15 ஆண்டு அவகாசம் தந்தது.

இன்றைய மருத்துவ மொழியில் சொன்னால், அந்தப் பதிவேடு பராமரிப்புச் சிகிச்சையின் பாதியைச் செய்தது. தூய்மையான, அளவு தெரிந்த பொருள் ஒருவருக்குத் தடையின்றிக் கிடைத்தது. அதைத் தேடி அவர் கள்ளச்சந்தைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மற்றப் பாதியை அது செய்யவில்லை. அளவைச் சரிபார்க்கும் மருத்துவர் இல்லை, ஆலோசனை இல்லை, விட விரும்புபவருக்குத் துணை இல்லை. ஆகவே அதைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு. அதைவிடப் பெரிய குறை அதன் அடிப்படை எண்ணத்தில் இருந்தது. பெயர்ப்பட்டியலை மூடிவிட்டால், அதில் இருப்பவர்கள் மூப்பெய்தி மறைய, பழக்கமும் அவர்களோடு மறையும் என்று நிர்வாகம் நம்பியது. பதிவேடு காலக்கெடுவுக்கான கருவியாகவே வடிவமைக்கப்பட்டது.

இதே காலத்தில் அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது. பழக்கத்தைத் தொடர்வதற்காக மட்டும் ஒருவருக்கு மார்ஃபின் எழுதித் தருவது மருத்துவம் ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1919இலேயே தீர்ப்பளித்திருந்தது. பிரிட்டனில் 1926இல் ரோல்ஸ்டன் குழு இதற்கு மாறாக, தேவைப்படுவோருக்கு மருத்துவர் தொடர்ந்து தரலாம் என்றது. அமெரிக்கத் தடையை அசைத்தவர்கள் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இரு மருத்துவர்கள். ஜெர்மனியில் 1930களின் இறுதியில் வலிநிவாரணியாக உருவான மெத்தடோனை அவர்கள் ஹெராயின் பழக்கத்தினருக்குக் கொடுத்தனர். 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களது கட்டுரை 1965இல் வெளிவந்தது.

அதன் செயல்முறை எளிது. ஹெராயினின் விளைவு சில மணி நேரத்தில் வடிந்துவிடும்; மூக்கு ஒழுகி, வயிறு புரட்டி, எலும்பு நோகும்போது அடுத்த பொட்டலத்தைத் தேடுவதே நாளின் வேலையாகிவிடும். வாய்வழி உட்கொள்ளும் மெத்தடோன் மெதுவாக ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் சீராக நிற்கும். தக்க அளவு நிலைபெற்றவருக்கு மயக்கமோ கிளர்ச்சியோ பெரிதாக இராது; தவிப்பு அடங்கும். டோலும் நைஸ்வாண்டரும் இதை நீரிழிவுக்கு இன்சுலின் தருவதோடு ஒப்பிட்டனர். அவ்வொப்புமை முழுமையானதன்று, ஆயினும் முடிவுநாள் குறிக்காத சிகிச்சை என்ற எண்ணத்தை அது மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது.

இந்தியாவில் 1985 நவம்பரில் இன்றைய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சூழல் மாறிவிட்டிருந்தது. மேற்கே ஆப்கானிஸ்தான், ஈரான் நிகழ்வுகளால் வழி திரும்பிய ‘பிரவுன் சுகர்’ தில்லியிலும் பம்பாயிலும் பரவியது. கிழக்கே மியான்மர் எல்லை வழியாக வெள்ளை ஹெராயின் மணிப்பூரை அடைந்தது. பதிவேட்டில் இருந்த முதியவர்கள் ஒரு தலைமுறை. ஊசியில் ஹெராயின் ஏற்றிய இளைஞர்கள் வேறொரு தலைமுறை. அபினித் தடைதான் ஹெராயினைக் கொண்டுவந்தது என்று ஒற்றைக் காரணம் காட்டுவது வரலாற்றைச் சுருக்குவதாகும். ஆனால் புதிதாக வந்தவர்களை ஏற்க எந்தப் பதிவேடும் திறந்திருக்கவில்லை என்பதை மறுக்க இயலாது. மணிப்பூரில் ஊசி வழி போதை ஏற்றியவர்களிடையே 1989இன் பிற்பகுதி வரை தென்படாதிருந்த எச்.ஐ.வி., அடுத்த சில மாதங்களிலேயே பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்பட்டது.

மாற்று மருந்துச் சிகிச்சை இந்தியாவுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியேதான். 1990களின் தொடக்கத்தில் தில்லியில் தொண்டு நிறுவனம் ஒன்று, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கியது. மெத்தடோனை விட்டுப் புப்ரினார்ஃபினைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அது உள்நாட்டிலேயே தயாராயிற்று. ஓரளவுக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் அதன் ஆற்றல் அதற்கேற்பக் கூடுவதில்லை. ஆகவே மெத்தடோனைவிட அபாயம் குறைவு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 2007இல் தொடங்கிய தனது மூன்றாம் கட்டத் திட்டத்தில் இச்சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டது.

நுழைந்த வாசல் சிகிச்சையின் வடிவத்தையும் தீர்மானித்தது. நோக்கம் எச்.ஐ.வி. தடுப்பு, எனவே ஊசி போடுபவரே பயனாளி. ஹெராயினைப் புகைப்பவர், அவரது சார்பு எவ்வளவு கடுமையாயினும், அத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றார். ஊசிக்கு மாறினால்தான் மருந்து கிடைக்கும் என்ற கொடிய முரண் இதனால் உண்டாயிற்று. மேலும், மருந்து நாள்தோறும் ஊழியரின் கண்முன் உட்கொள்ளப்பட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் அதற்காக நாளின் ஒரு பகுதியை இழக்க நேரும். பிறர் கண்ணில் படும் வரிசையில் நிற்கப் பெண்கள் தயங்குவர்.

2012இல் மெத்தடோன் இந்திய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் முன்னோட்டமாக அறிமுகமானது. அதே ஆண்டு வெளியான தேசியப் போதைப்பொருள் கொள்கை, மாற்று மருந்து போன்ற தீங்குக் குறைப்பு முறைகளை ஏற்றது. ஆனால் பழக்கத்திலிருந்து விடுவிக்கும் பாதையில் ஒரு படியாக மட்டுமே. அக்கொள்கை கசகசாச் செடியின் உலர்காய் உட்கொள்ளும் பதிவுபெற்றோருக்கும் காலக்கெடு வைத்தது. அதன்படி 2016 ஏப்ரலில் இராஜஸ்தானத்தில் ‘டோடா போஸ்த்’ விற்ற உரிமக் கடைகள் மூடப்பட்டன. உரிமம் வைத்திருந்த பல்லாயிரவர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1959இன் தர்க்கம், 57 ஆண்டுகள் கழித்து, அப்படியே திரும்பியது. 2014இல் சட்டத்தில் சேர்ந்த ‘கட்டுக்குள் வைத்தல்’ என்ற சொல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இத்தயக்கத்தில் மொழிக்கும் பங்குண்டு. தமிழில் ஒருவர் போதைக்கு ‘அடிமை’. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும், கடனைத் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தால் கடன்கொடுத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டவனையே குறித்தது. அடிமைக்கு எதிர்ச்சொல் விடுதலை ஒன்றே. இந்தியில் சிகிச்சை மையத்தின் பெயரே ‘நஷா முக்தி கேந்திரம்’. இச்சொற்களுக்குள் நின்று பார்ப்பவருக்கு, நாள்தோறும் மருந்து குடிப்பவர் எசமானனை மாற்றிக்கொண்ட அடிமையாகவே தெரிவார். அவர் வேலைக்குப் போவதும், வீடு திரும்புவதும், ஊசியைத் தொடாததும் அச்சொல்லின் கண்ணில் படுவதில்லை. உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பதும், வாழ்க்கை முழுதும் ஒரு பொருளைத் தேடுவதில் கரைவதும் வேறுவேறு நிலைகள். இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் பொதுவழக்கில் இல்லை.

எனில் மெத்தடோன் தக்கதா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? சான்றுகள் ஓரளவு தெளிவானவை. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி, ஆயிரம் பேரை ஓராண்டு கண்காணித்தால், மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு 11.3, சிகிச்சையை விட்டு வெளியேறிய காலத்தில் 36.1. முகாமில் சில வாரம் நிறுத்தி வைத்து அனுப்பப்படுபவருக்கு உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவை மீண்டும் ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். அபாயங்களும் மெய்யானவை. மெத்தடோன் உடலில் மெல்லச் சேர்வதால் முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. அளவை அவசரமாகக் கூட்டக் கூடாது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் உயிருக்கே கேடு. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் அது பாதிக்கக்கூடும். எனவே நெடுங்காலம் ஊசி போட்டவர், புப்ரினார்ஃபினில் தவிப்பு அடங்காதவர், நாள்தோறும் மையத்துக்கு வர இயன்றவர் ஆகியோருக்கு அது பொருந்தும். பழக்கம் புதிது, ஊக்கம் மிகுதி, குடும்பத் துணை உண்டு என்றால் வேறு வழிகளும் உள்ளன. மருந்தே இல்லாமல் வாழ வேண்டும் என்று நோயாளி விரும்பினால் அவ்விருப்பம் மதிக்கத்தக்கது. அளவை மெல்லக் குறைக்கலாம், தவறினால் திரும்பி வரக் கதவு திறந்திருக்க வேண்டும்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, அபினி வகைப் பொருள்களால் பாதிப்புக்கோ சார்புக்கோ உள்ளாகி உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 இலட்சம். 2020இன் ஊரடங்கில், அதுவரை கண்முன் மட்டுமே தரப்பட்ட மாத்திரைகள் பல நாள்களுக்குச் சேர்த்து வீட்டுக்குக் கொடுக்கப்பட்டன. முடியாது என்று இருந்த விதி, நோயாளிகளின் நிலையைப் பார்த்துத் தளர்ந்தது. 1949, 1959, 2016 ஆகிய ஆண்டுகளின் முடிவுகளில் விடுபட்டது இந்தப் பார்வைதான். எப்போது நிறுத்துவது என்று நாட்காட்டியைப் பார்த்துக் கேட்டார்கள். நிறுத்திய மறுநாள் இவர் எங்கே போவார் என்று கேட்கவில்லை. மெத்தடோன் பற்றி முடிவெடுக்கும் மருத்துவரும் குடும்பமும் அரசும் முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டாம் கேள்வியை.