வழிகள் கூடிய ஊர்: காஞ்சிபுரத்தின் பாதைகளும் பட்டும்

காஞ்சிபுரம் பட்டு என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே அழைக்கப்படும் சேலையில், காஞ்சிபுரத்து மண்ணில் விளைந்த பொருள் எதுவும் இல்லை. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்கிற சமூகங்களில் சிலவும் வெளியிலிருந்து வந்து குடியேறியவையே. தேவாங்கரும் சாலியரும் விஜயநகர காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. அப்படியானால் இத்தொழில் இந்த ஊரில் நிலைத்தது ஏன்? கோயில்களைக் காரணமாகச் சொல்வது வழக்கம். மன்னர்களைச் சொல்வாரும் உண்டு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் கோயிலும் அரண்மனையும் இருந்த எத்தனையோ ஊர்களில் தறிச்சத்தம் இல்லை. காஞ்சியின் பொருளியல் வரலாற்றை அதன் பாதைகளிலிருந்து படிக்கத் தொடங்கினால்தான் அதன் பட்டு விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மணலாறும் ஏரிகளும்

காஞ்சி பாலைவனமல்ல. ஆனால் வற்றாத ஆறும் இல்லாமல், கடலும் இல்லாமல் தலைநகரான ஊர். கர்நாடகத்து நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் பாலாறு ஊருக்குத் தெற்கே ஓடுகிறது; ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணல்தான். ஊரை ஒட்டிய வேகவதியின் நிலையும் அதுவே. மணலுக்கடியில் நீர் உண்டு; ஊற்றுக்கால்வாய் வெட்டி அதை எடுத்தார்கள். மேலே பெய்யும் மழையை ஏரிகளில் பிடித்துவைத்தார்கள். தென்னேரி, மாமண்டூர், காவேரிப்பாக்கம், உத்திரமேரூர் என்று காஞ்சியைச் சுற்றியுள்ள பெரிய ஏரிகளில் பல பல்லவர் காலத்திலோ அதற்கு முன்னரோ கரை கட்டப்பட்டவை.

வறண்ட நிலத்தில் நீர் நிற்கும் இடத்தில் வழிகள் கூடும். வழி கூடும் இடத்தில் சந்தை கூடும். சிரியப் பாலைவனத்தில் பால்மைரா நகரம் ஓர் ஊற்றை நம்பி அப்படித்தான் வளர்ந்தது. அங்குள்ள கல்லறைக் கோபுரங்களில் சீனப்பட்டுத் துணிகள் கிடைத்திருக்கின்றன. பட்டு விளையாத ஊர், பட்டு கடந்துபோன ஊர். காஞ்சியை அதனோடு சேர்த்து நினைப்பதில் தவறில்லை, ஒரு வேறுபாட்டை மறக்காதவரை: பால்மைராவுக்கு நீர் இயற்கை தந்தது, காஞ்சிக்கு மண்வெட்டி தந்தது.

வற்றிய ஆற்றால் இன்னொரு பயனும் உண்டு. பெருக்கெடுத்து ஓடும் ஆறு பாதையை மறிக்கும். தோணித்துறை உள்ள இடத்தில்தான் கடக்க முடியும். பாலாற்றை மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் வண்டியோடு எங்கும் கடக்கலாம். மேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வேலூர், ஆம்பூர் என ஏறினால் மைசூர்ப் பீடபூமி. வடக்கே திருத்தணி, திருப்பதி, அதற்கு அப்பால் தெலுங்கு நாடு. தெற்கே செவிலிமேட்டில் ஆற்றைக் கடந்தால் வந்தவாசி, திருவண்ணாமலை. கிழக்கே கடற்கரை. இந்த நான்கும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஊர் இருக்கிறது.

கழுதைச் சாத்தும் கடலில்லாத் துறையும்

வழிகள் இப்படிக் கூடியதற்கு நம்மிடமுள்ள மிகப் பழைய சாட்சி பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. காஞ்சியை ஆண்டவனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் நூல் என்பதால், இயல்பாகவே அது ஒரு வழிநூலாகவும் அமைந்துவிட்டது. உமணர் உப்பு வண்டி ஓட்டிச் செல்கிறார்கள். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்து போகிறது. சுங்கம் வாங்கும் பெருவழியில், பாதை பிரியும் இடங்களில் வில்லேந்திய காவலர் நிற்கிறார்கள். உப்பு கிழக்குக் கடற்கரையிலிருந்தும் மிளகு மேற்கு மலைகளிலிருந்தும் வரவேண்டியவை. இரண்டும் ஒரே நாட்டின் சாலைகளில் எதிரெதிராகப் போகின்றன. கலங்கரை விளக்கத்தோடு கூடிய நீர்ப்பெயற்று என்னும் துறையையும் புலவர் காட்டுகிறார். அது மாமல்லபுரமே என்பாரும், பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வேறிடம் என்பாரும் உண்டு. முகத்துவாரத்தருகே வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருப்பதால், அந்தக் கரையில் எங்கு தேடினாலும் பிழையாகாது.

7ஆம் நூற்றாண்டில் வந்த சீனத்துறவி யுவான் சுவாங் தொடர்பான குறிப்பு இன்னும் சுவையானது. அவருடைய சீடர் எழுதிய வாழ்க்கை வரலாறு, காஞ்சியைத் தென்னிந்தியாவின் கடல்வாயில் என்றும் அங்கிருந்து சிங்களத்துக்கு மூன்று நாள் கடற்பயணம் என்றும் சொல்கிறது. காஞ்சியிலிருந்து மாமல்லபுரம் 60 கிலோமீட்டருக்கு மேல். ஊரைத் துறைமுகம் என்று சொன்னதைப் பிழை என ஒதுக்குவது எளிது. இலங்கையில் பஞ்சம் வந்தபோது அங்கிருந்து தப்பிவந்த பிக்குகளை அவர் காஞ்சியில்தான் சந்தித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேறு பொருள் தோன்றுகிறது. கப்பல் எங்கு நின்றாலும், ஏறுபவரும் இறங்குபவரும் சரக்கும் கணக்கும் கூடிய இடம் காஞ்சி. துறைமுகத்தின் உள்நாட்டு வாயில் அது.

நிறைகூலியும் நெசவாளரும்

சோழர் காலத்துக்கு வந்தால் இலக்கியத்தை விட்டுச் செப்பேட்டைப் பிடித்துக்கொள்ளலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியின் ஊரகம் பெருமாள் கோயிலுக்குரிய வருவாயை அது ஒழுங்குசெய்கிறது. அந்த வருவாயில் இரண்டு இனங்கள் நம் கவனத்துக்குரியவை: நிறுத்து விற்பவற்றுக்கான நிறைகூலி, முகந்து விற்பவற்றுக்கான அளவுகூலி. ஊருக்குள் வந்து இறங்கும் சரக்கு துலாக்கோல் ஏறினால் கோயிலுக்குக் காசு. இந்தக் கூலி ஒரு கோயிலை நடத்தப் போதுமானதாக இருந்தது என்றால், சந்தையின் அளவை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கோயிலின் பொன் ஊர்ச்சேரிகளில் வட்டிக்கு விடப்பட்டிருந்ததையும் செப்பேடு பதிவுசெய்கிறது. கணக்கையும் மேற்பார்வையையும் அரசன் ஒப்படைத்தது அர்ச்சகரிடமோ நிலக்கிழாரிடமோ அல்ல. கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி உள்ளிட்ட சேரிகளில் வாழ்ந்த, அரச உடை நெய்யும் பட்டசாலி நெசவாளரிடம். நெசவாளர் அன்று தறிக்குழிக்குள் மட்டும் இருந்தவர்கள் அல்லர். சந்தையையும் பொன்னையும் எடையையும் அறிந்தவர்கள். தமிழ் நெசவு வரலாற்றில் இந்தச் செப்பேட்டுக்குக் கிடைக்கவேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் நெசவுச் சமூகமான கைக்கோளர் தங்கள் அமைப்பை 72 நாடுகளாகப் பிரித்துக்கொண்டபோது, அவற்றுக்குத் தலைமையான மகாநாடு காஞ்சிபுரத்தில் இருந்தது. கொங்கு முதல் கடற்கரை வரையுள்ள நெசவூர்களின் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்ல ஓர் ஊர் வேண்டுமென்றால், எல்லா ஊரிலிருந்தும் வழியுள்ள ஊரே அதற்குத் தோது. விஜயநகர காலக் கொடைகளை விரிக்க இங்கே இடமில்லை. 1509இல் கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு எழுப்பிய இராயகோபுரம் தொலைவிலிருந்து வரும் யாத்திரிகருக்கு வழிகாட்டியாக நின்றது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரக்கு வரும் வழியில்தான் படையும் வரும். காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூர் இதற்குச் சாட்சியான ஊர். முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று அதே ஊரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை அழித்தார்கள். பெய்லி வடக்கேயிருந்து வந்து காஞ்சியில் நின்ற இன்னோர் ஆங்கிலத் தளபதி மன்றோவின் படையோடு சேர முயன்றுகொண்டிருந்தார். செய்தி அறிந்த மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். இழுத்துச்செல்ல மாடும் தீனியும் இல்லாதபோது பெருவழி எவ்வளவு நல்லதாயிருந்தும் பயனில்லை.

இருப்புப்பாதை விலகியது

18ஆம் நூற்றாண்டின் முடிவில் சென்னையிலிருந்து மேற்கே போகும் சாலையே முதன்மை வழியாகிவிட்டது. சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்ற ஊர்ப்பெயர்கள் அந்தச் சாலையின் நடைவேகத்தை இன்றும் காட்டுகின்றன. மாட்டுவண்டி அவிழ்த்து இளைப்பாற ஒரு சத்திரம், பிறகு இன்னொன்று. அடிப்படையை மாற்றியது நீராவி. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. அது காஞ்சியைத் தொடவில்லை. சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே, அரக்கோணம் வழியாகப் போனது. பிறகு அங்கிருந்து வடமேற்கே ரேணிகுண்டாவுக்கும் பாதை பிரிந்தது. ஈராயிரம் ஆண்டுகளாகக் காஞ்சி வகித்த இடம் சில ஆண்டுகளிலேயே அரக்கோணத்துக்குப் போய்விட்டது.

விட்டதைப் பிடிக்க ஒரு முயற்சி நடந்தது. இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு ஒரு கிளைப்பாதை போட்டு 1865இல் திறந்தது. செலவைக் குறைக்க அதன் அகலத்தை மூன்றரை அடியாக வைத்தார்கள். முதன்மைப் பாதையோ ஐந்தரை அடி. எனவே சென்னையிலிருந்து காஞ்சிக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் அரக்கோணத்தில் இறக்கி, தோளில் சுமந்து, அடுத்த வண்டியில் ஏற்றவேண்டும். நேரமும் போகும், கூலியும் ஏறும். 1878இல் பாதை மீட்டர் அளவுக்கு மாற்றப்பட்டு, 1880களின் தொடக்கத்தில் வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுவரை நீண்டது. தெற்கேயுள்ள இரயில்களோடு தொடர்பு கிடைத்தது. அரக்கோணத்தில் மாற்றி ஏற்றும் தொல்லை மட்டும் நீங்கவில்லை. அப்பாதை அகலப்பாதையாக நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

இங்கேதான் பட்டு வருகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்த வட்டாரத்து நெசவு பெரும்பாலும் பருத்தி. கடற்கரைக் கம்பெனிகள் வாங்கியதும் அதையே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத்துணி வந்து அந்தச் சந்தையைக் கெடுத்தது. காஞ்சி பட்டுக்கு முழுதாகத் திரும்பியது அதன் பிறகே. இதற்குப் பல காரணங்கள் உண்டு. நான் முதன்மையாகக் கருதுவது எடை. பருத்திநூலும் பருத்தித்துணியும் கனத்த, மலிவான சரக்கு. கிளைப்பாதையில் இரண்டு முறை ஏற்றி இறக்கும் செலவைத் தாங்காது. ஒரு பட்டுச்சேலை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும், விலையோ பன்மடங்கு. மைசூர் நாட்டிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் வந்த பட்டுநூலையும், பிரான்சிலிருந்து இறக்குமதியாகிப் பிறகு சூரத்துக்கு மாறிய சரிகையையும் ஒருவர் மூட்டையாகக் கையோடு கொண்டுவரலாம். பெருவழி விலகிப்போன ஊருக்கு ஏற்ற சரக்கு இது. வாங்க வருபவர் இருந்தால் போதும். வரதராஜர் கருடசேவைக்கும் கல்யாணத்துக்கும் வருபவர் வந்துகொண்டேயிருந்தார்கள்.

தெருவே பட்டறை

காஞ்சியில் நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் நடந்தால் தெருவை அடைத்து நீட்டிய பாவைப் பார்க்கலாம். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை. வெயில் ஏறுமுன் அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, சீராக்கி உருளையில் சுற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடமேது. அந்த அரைமணி நேரத்துக்கு வண்டிகள் வேறு தெருவில் சுற்றிப்போகும். தறியில் கோர்வைச் சேலை என்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. ஓரத்து நாடாவை வீச இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இரண்டாம் ஆள் முன்பு வீட்டுப் பிள்ளை. இன்று அவர் கிடைப்பது அரிது.

நூல் வெளியிலிருந்து வருவதால், அதைக் கொண்டுவருபவர் கையில் நெசவாளர் சிக்குவது எப்போதும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் உடைக்க முயன்றது அந்தப் பிடியைத்தான். 1971இல் அரசு காஞ்சியிலேயே தமிழ்நாடு ஜரிகை ஆலையைத் தொடங்கியதற்கும் இதுவே நோக்கம். 2005–06இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காத்தது. விசைத்தறிப் போலியை முழுதாகத் தடுக்கவில்லை.

பெருவழி இப்போது மறுபடி பக்கத்தில் வந்திருக்கிறது. சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை தங்க நாற்கரத்தின் ஒரு கை. வெள்ளைகேட், பொன்னேரிக்கரை வழியாக ஊருக்கு வெளியே ஓடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதையடுத்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஆலைகளால் நிறைந்தது. விடியற்காலையில் பாவு நீட்டிய தெருமுனையில்தான் கம்பெனி பஸ்ஸும் நிற்கிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., சீருடை. கோர்வைக்கு உட்கார வேண்டிய பிள்ளை அதில் ஏறிப்போகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, தறிக்கூலியின் கணக்கைப் பார்த்தவர் எவருக்கும் இருக்காது. ஆக, ஒருகாலத்தில் நூலைக் கொண்டுவந்த அதே சாலை இன்று ஆளை வெளியே கொண்டுபோகிறது.

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சியை அடுத்த பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து எதிர்த்து வருகிறார்கள். எடுக்கப்படும் நிலத்தில் வயலும் உண்டு, ஏரியும் உண்டு. இந்த வட்டாரத்தின் பழைய பாதைகள் ஏரிக்கரையைச் சார்ந்து போனவை. ஏரியைத் தூர்த்துப் போடப்படும் முதல் பெரும்பாதையாக இது அமையக்கூடும். வேலைவாய்ப்புக் கணக்குகள் பேசப்படுகின்றன. நெசவைப் பொறுத்தவரை கணக்கு எளிது: பெங்களூரில் இரவு லாரி ஏறும் பட்டுநூல் காலையில் காஞ்சிக்கு வந்துவிடுகிறது, விமானத்தால் அதற்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.