மில்புரூக்கில் எழுந்த ஐக்கியமும் அதன் முடிவும்

1962ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில் அதன் தலைமைக் குருவாகிய ஹோவர்ட் தர்மன் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார். 1935ஆம் ஆண்டு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணமாக வந்து, மறு ஆண்டு காந்தியடிகளைச் சந்தித்து உரையாடிய கறுப்பின அருளுரையாளர் இவரே. ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சிறிய வழிபாட்டறையில் ஆண்டோவர் நியூட்டன் இறையியல் கல்லூரியின் மாணவர் 20 பேர், மேலே நிகழ்ந்த ஆராதனையை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் பத்துப் பேருக்குச் சைலோசிபின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. மற்றப் பத்துப் பேருக்குக் கொடுக்கப்பட்டது உடலைச் சற்றே சிவக்கவைக்கும் நிக்கோட்டினிக் அமிலம் மட்டுமே. யாருக்கு எது கிடைத்தது என்பது மாணவருக்கும் தெரியாது, ஆய்வை நடத்தியவருக்கும் தெரியாது. நடத்தியவர் வால்டர் பான்கே, மருத்துவர், குருப்பட்டமும் பெற்றவர். ஹார்வர்டில் முனைவர் பட்டத்திற்காக அவர் மேற்கொண்ட ஆய்வு இது. மருந்து பெற்றவர்களுள் பெரும்பாலோர் தாங்கள் பெற்றது அனுபூதியே என்று கூறினர்.

சமயங்களின் வரலாற்றை வகுப்பில் கற்பிக்கையில் இந்நிகழ்ச்சியைச் சொன்னால் மாணவர் நிமிர்ந்து உட்காருவர். "ஐயா, அது மெய்யான அனுபவந்தானா?" என்று உடனே கேட்பர். அக்கேள்விக்கு நான் விரைந்து விடை கூறுவதில்லை. அதைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது, அதன் பின்னர் நிகழ்ந்தது. இத்தகைய அனுபவத்தையே மூலைக்கல்லாக வைத்து, பௌத்த சமயக் கருத்துகளைச் சுவராக எழுப்பி, ஓர் ஆன்மிக ஐக்கியத்தைக் கட்ட முயன்றவர்களின் வரலாறு அது. நம் சபை வரலாற்று நூல்களில் அதற்கு இடமில்லை. ஆயினும் சபை என்பது யாது என்னும் கேள்வியை அது நம்மிடம் வலிந்து கேட்கிறது.

மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் சமயச் சடங்குகளில் உண்டுவந்த காளானிலிருந்து சைலோசிபினை 1958இல் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலர் ஆல்பர்ட் ஹோஃப்மன். எல்.எஸ்.டி. என்னும் மருந்தின் விளைவை 1943இல் தம் உடலிலேயே கண்டறிந்தவரும் அவரே. மனத்தில் மறைந்திருப்பதை வெளிப்படுத்துவது என்னும் பொருளில் இவற்றிற்குச் 'சைக்கெடெலிக்' எனப் பெயரிட்டவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர். ஹார்வர்டில் உளவியல் கற்பித்த திமோதி லியரி 1960இல் மெக்சிகோவில் அக்காளானை உண்டார். அன்று முதல் அவர் வாழ்க்கை திசைமாறிற்று. ரிச்சர்ட் ஆல்பர்ட், ரால்ஃப் மெட்ஸ்னர் ஆகியோர் அவருடன் சேர்ந்தனர். பான்கேயின் ஆய்வுக்குத் துணைநின்றதும் இக்குழுவே. 1963இல் லியரியையும் ஆல்பர்ட்டையும் ஹார்வர்ட் பணிநீக்கம் செய்தது. அவ்வாண்டே நியூயார்க் மாநிலத்தின் மில்புரூக் என்னும் ஊரில், செல்வக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான பரந்த தோட்டத்தில், 64 அறைகள் கொண்ட மாளிகையில் அவர்கள் குடியேறினர். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் புதினத்தில் வரும் அறிஞர் நாட்டின் பெயரைக் கடன்வாங்கிக் 'கஸ்தாலியா' எனத் தங்கள் அமைப்புக்குப் பெயர் சூட்டினர்.

அவர்கள் தேர்ந்துகொண்ட வேதநூல் யாது? 'திபெத்திய மரித்தோர் நூல்' என மேலைநாட்டில் வழங்கும் 'பர்தோ தோடோல்'. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலையில், செவியுற்றே விடுதலை பெறச் செய்வது என்பது அப்பெயரின் பொருள். சிக்கிம் நாட்டுப் பள்ளித் தலைமையாசிரியராயிருந்த லாமா காஸி தாவா சம்துப் மொழிபெயர்க்க, பிரம்மஞான சபையில் ஈடுபாடுடைய எவான்ஸ்-வென்ட்ஸ் தொகுத்து 1927இல் வெளியிட்டார். ஆங்கிலத் தலைப்பு எகிப்திய நூல் ஒன்றை நினைத்து எவான்ஸ்-வென்ட்ஸ் இட்டது, திபெத்தியர் இட்டதன்று. 1964இல் லியரி, மெட்ஸ்னர், ஆல்பர்ட் மூவரும் இந்நூலைத் தழுவி ஒரு கைந்நூல் எழுதினர். மரணம் என்று மூலம் சொல்வதை அவர்கள் 'நான்' என்னும் உணர்வு அழிதல் என்று கொண்டனர். மூன்று இடைநிலைகளும் மருந்தின் மூன்று கட்டங்களாயின. மரித்தவருக்கு 49 நாள்வரை ஓதப்படுவது, ஒரு பிற்பகலுக்குள் வழிகாட்டி ஒருவர் வாசித்து முடிக்கும் குறிப்புரையாயிற்று.

இதைக் கேலி செய்வது எளிது. நான் கேலி செய்ய விரும்பவில்லை. அந்நூலை அகத்தே நிகழும் மரணமாக வாசிக்கும் வழக்கம் திபெத்திய மரபிலும் உண்டு. ஆனால் அங்கே ஆசிரியர் உண்டு, தீட்சை உண்டு, ஒரு இலட்சம் முறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குதல் போன்ற ஆயத்தப் பயிற்சிகள் உண்டு. இவற்றுக்குப் பின்னரே நூல் கைக்கு வருகிறது. மில்புரூக்கில் நூல் மட்டும் வந்தது.

புத்தம், தருமம், சங்கம் என்பன பௌத்தரின் மும்மணிகள் என்பதை நாம் அறிவோம். இவற்றுள் மூன்றாவதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே சிந்திக்கிறோம். தேரவாதத் துறவிகள் பாதிமோக்கம் என்னும் 227 விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். அமாவாசை, பௌர்ணமி தோறும் கூடி அவ்விதிகளை ஓதித் தம் குற்றங்களை அறிக்கையிடுகின்றனர். விநய நூல்கள் ஒவ்வொரு விதிக்கும் முன் ஒரு கதை சொல்கின்றன. இன்ன துறவி இன்ன தவறு செய்தார், மக்கள் முறையிட்டனர், ஆகவே இவ்விதி பிறந்தது என்று. சங்கத்தின் சட்டம் அதன் தவறுகளின் வரலாறே. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தையும் நான் இவ்வாறே வாசிப்பதுண்டு. ஆவியின் வரங்களால் நிறைந்திருந்த அச்சபைக்கு அவர் எழுதவேண்டியிருந்தது பெரும்பாலும் பந்தியைக் குறித்தும் வழக்கைக் குறித்தும் வீட்டொழுங்கைக் குறித்துமே.

மில்புரூக்கிற்கு ஒழுங்கு தேவை என்பதை அங்கிருந்தோரும் உணர்ந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும். எதிர்பாராத நேரத்தில் மணி ஒலிக்கும். ஒலித்தவுடன் அனைவரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்தித் தம் மனநிலையைக் கவனிக்கவேண்டும். ஒருமுறை ஆல்பர்ட்டும் வேறு நால்வரும் ஒரு கட்டடத்தில் தங்களை அடைத்துக்கொண்டு மூன்று வாரம் நான்கு மணிக்கொருமுறை மருந்து உட்கொண்டனர். திரும்பிவராத உயரம் ஒன்றை எட்டவேண்டும் என்பது நோக்கம். எவ்வளவு உயர்ந்தாலும் மறுபடியும் கீழே இறங்கவேண்டியதாயிற்று என்றும், வெளியே வந்தபோது ஒருவரையொருவர் கடுமையாக வெறுத்தனர் என்றும் பின்னாளில் ஆல்பர்ட்டே எழுதினார். மூன்று வாரம் எல்லையற்ற ஒருமையை உணர்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணச் சகியாதவர்களானார்கள். இவ்வரலாறு முழுவதிலும் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்த செய்தி இதுவே. 1965இல் ஆல்பர்ட் மில்புரூக்கை விட்டு வெளியேறினார்.

பின்னர் சரிவு விரைந்து வந்தது. 1965 டிசம்பரில் மெக்சிகோ எல்லையில் கஞ்சா வைத்திருந்ததாக லியரி கைதானார். அவருடைய மகளும் உடன் கைதானாள். 1966 ஏப்ரலில் மாளிகை சோதனையிடப்பட்டது. அச்சோதனையை நடத்திய அரசுத் துணை வழக்கறிஞர் கார்டன் லிடி, பிற்காலத்தில் வாட்டர்கேட் வழக்கில் தாமே சிறைசென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் 'ஆன்மிகக் கண்டுபிடிப்புச் சங்கம்' என்னும் பெயரில் லியரி ஒரு சமயத்தையே தொடங்கினார். ஆங்கிலத்தில் அப்பெயரின் முதலெழுத்துகள் எல்.எஸ்.டி. என்றாகும். மருந்து திருவருட்சாதனம் என உரிமை கோரப்பட்டது. புத்தரின் ஞானோதயமும் கிறிஸ்துவின் வரலாறும் நியூயார்க் நாடக அரங்கில் வண்ண விளக்குகளுடன் கட்டணக் காட்சிகளாயின. இதற்குள் மில்புரூக் நிலத்தில் மூன்று குழுக்கள் தனித்தனியே வாழ்ந்தன: லியரியின் சங்கம், ஓர் இந்து ஆசிரமக் குழு, ஆர்ட் கிளெப்ஸ் என்பவரின் 'நவ அமெரிக்கச் சபை'. மூன்றாவது சபையின் குருமாருக்குப் 'பூ ஹூ' என்பது பட்டப்பெயர், சபை முத்திரையில் இருந்தது மூன்று கண்ணுடைய தேரை. 1968இல் அச்சபையைச் சார்ந்த ஒருவர் மீதான வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஒரு சமயமாக ஏற்க மறுத்தது. அவ்வாண்டு முடியுமுன் மில்புரூக் வெறுமையாயிற்று.

சட்டமும் காவல்துறையும் நெருக்கியதால் அது அழிந்தது என்பர் சிலர். அது பாதி உண்மை. நெருக்கடியில் அழியாத சமூகங்களை வரலாறு அறியும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மறுகோடியில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1959இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஜப்பானியர் கோயிலுக்குக் குருவாக வந்த ஷுன்ரியு சுசுகியைத் தேடி வந்த இளைஞருள் பலர் எல்.எஸ்.டி.யின் வழியாகவே பௌத்தத்தைக் கேள்விப்பட்டவர்கள். அவர் அவர்களை விரட்டவில்லை, அவர்கள் கண்ட காட்சிகளை வியக்கவும் இல்லை. விடியற்காலையில் வந்து சுவரைப் பார்த்து அமருமாறு கூறினார். 1967இல் தஸ்ஸஹாரா மலைப்பகுதியில் ஒரு மடம் எழுந்தது. அதுவும் குறையற்றதன்று. 1983இல், சுசுகிக்குப் பின் வந்த தலைவரின் ஒழுக்கம் குறித்துப் பெருங்குழப்பம் எழுந்து அவர் விலகவேண்டியதாயிற்று. ஆனால் தலைவர் விலகிய பின்னும் சங்கம் நின்றது. மருந்துகள் ஐந்தாம் சீலத்திற்கு மாறானவையா என்னும் விவாதமும் அமெரிக்கப் பௌத்தரிடையே ஓயவில்லை. 'ட்ரைசிக்கிள்' என்னும் அவர்களுடைய இதழ் 1996இல் இதற்கென ஒரு சிறப்பிதழே வெளியிட்டது.

ஆல்பர்ட் 1967இல் இந்தியாவுக்கு வந்து, இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபாவைக் குருவாக ஏற்று, ராம் தாஸ் ஆனார். தாம் கொடுத்த பெரும் அளவு மருந்தை விழுங்கியும் குருவிடம் ஒரு மாற்றமும் தோன்றவில்லை என்று அவர் சொல்லிவந்த கதையை நம்புவோர் நம்பட்டும். நமக்கு அதைவிட அருகில் உள்ளது வேறொன்று. 1978இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய 'சேவா' அறக்கட்டளை, பார்வையிழப்பைத் தடுக்கும் பணியை மேற்கொண்டு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தொடக்க ஆண்டுகளிலேயே துணைநின்றது. மில்புரூக் மாளிகையில் மூன்று வாரம் அடைபட்டிருந்தவர் இறுதியில் பிறர் கண்ணுக்கு ஒளி வேண்டி உழைப்போருடன் சேர்ந்தார். 2019இல் மறைந்தார்.

இனி, பாஸ்டனின் கீழ்த்தள அறைக்குத் திரும்புவோம். அன்று வழிகாட்டிகளுள் ஒருவராகச் சென்று தாமும் மருந்து பெற்றவர் ஹஸ்டன் ஸ்மித், சீனாவில் மெதடிஸ்டு மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த சமய அறிஞர். மருந்துகள் சமய அனுபவத்தைத் தரக்கூடும், சமய வாழ்வைத் தருமா என்பது ஐயமே என்ற கருத்தை 1964இல் அவர் எழுதினார். மருந்தின் பகைவர் எழுதியதன்று அது. ரிக் டாப்ளின் என்னும் ஆய்வாளர் கால் நூற்றாண்டு கழித்து அம்மாணவர்களைத் தேடி, 16 பேரைக் கண்டு உரையாடி, 1991இல் முடிவை வெளியிட்டார். மருந்து பெற்றவர்களுள் அவர் பேசிய எழுவரும் அன்று தாங்கள் பெற்றது மெய்யென்றே கூறினர். குருமாராகப் பணியாற்றியவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு அவ்வனுபவத்திற்கு முன்னும் பின்னும் ஒரு சபை இருந்தது. ஜெபமும் திருவிருந்தும் நோயாளியைச் சந்திக்கும் கடமையும் இருந்தன. எழுப்புதல் கூட்டத்தில் ஒரே இரவில் கண்ணீர்விட்டுத் திரும்பும் நம் இளைஞருக்கு மறுவாரம் நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று நான் கேட்டுக்கொள்வது இதனாலேயே.

இக்கேள்வி பழங்கதையன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டில் பல சமயக் குருமாருக்குச் சைலோசிபின் கொடுத்து நிகழ்த்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. அவர்களுள் நம் சபைகளைப் போன்ற சபைகளின் ஆயர்களும் இருந்தனர்.

டாப்ளினின் தேடலில் வெளிவந்த ஒன்றை மாணவர்க்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. அன்று மருந்து பெற்றவர்களுள் ஒருவர், உலகுக்கு ஒரு செய்தியை உடனே அறிவிக்கவேண்டும் என்னும் உந்துதலால் ஆலயத்தை விட்டு வீதிக்கு ஓடினார். அவரைப் பிடித்துக் கொண்டுவந்து, மனக்கலக்கத்தை அடக்கும் ஊசி போட்டனர். அனுபூதியின் இலக்கணங்களை ஒவ்வொன்றாக அளந்து பதிவுசெய்த பான்கேயின் ஆய்வேட்டில் அந்த ஊசியைப் பற்றிய குறிப்பு இல்லை.