எட்ட நின்று எடுத்த படங்கள்

வனவிலங்குகளைப் புகைப்படம் பிடிக்கும் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பெரும்பாலும் புலியையும் சிங்கத்தையும் அவற்றின் எதிரே காமிராவுடன் நின்ற தீரர்களையும் புகழ்ந்துவிட்டு அப்பால் செல்வது வழக்கமாக இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், அந்தக் கலையை உருவாக்கி வளர்த்தது விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரம் என்னும் ஒரே பிரச்னைதான். அந்தத் தூரத்தை எவ்வாறேனும் ஒழித்துவிட முயன்றவர்கள் ஒரு வழியிலும், தூரத்தை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற கண்ணாடியைத் தேடியவர்கள் மற்றொரு வழியிலும் சென்றார்கள்.

ஜெலட்டின் பூசிய உலர்ந்த கண்ணாடித் தகடுகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகே காமிராவைக் காட்டுக்குள் தூக்கிச் செல்வது சாத்தியமாயிற்று. அப்பொழுதும் ஓடுகிற பிராணியைப் பிடிக்க அத்தகடுகளின் வேகம் போதவில்லை; கூட்டில் கிடக்கும் முட்டையோ எங்கும் ஓடிப்போவதில்லை. ஆகையால் முதலில் பறவைக் கூடுகளே படமாயின. யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள், 1892-ஆம் ஆண்டில் ஒரு கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் படம் பிடித்ததில் ஆரம்பித்து, 1895-இல் முழுவதும் புகைப்படங்களையே கொண்ட பறவைக்கூட்டு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். மனிதனைக் கண்டு பறந்துவிடும் பறவை மேய்கிற மாட்டைக் கண்டு பறப்பதில்லை என்று கவனித்த அவ்விருவரும், ஒரு காளையின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்து, உள்ளே வெற்றிடமாக விட்டு, அதன் வயிற்றுக்குள் புகுந்து, தோலில் இட்ட துவாரத்தின் வழியே லென்ஸை நீட்டிப் படமெடுத்தார்கள். புழுக்கத்தில் மூச்சுமுட்டக் குனிந்து நின்று எடுத்த அந்தப் படங்களைப் பார்க்கும்போது, அவர்களுடைய சிரத்தையின்பால் எனக்கு உண்டாகும் மரியாதை கொஞ்சமல்ல.

தூரத்தை ஒழிக்கும் இன்னொரு உபாயம் பொறி. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர், இரவில் ஏரியின்மேல் படகில் விளக்குடன் சென்று மான்களின் கண்ணொளியைக் கொண்டு அவை நிற்குமிடத்தை அறிந்து, வெடிக்கும் ஒளித்தூளின் வெளிச்சத்தில் படம் பிடித்ததோடு, விலங்கே கயிற்றை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படியும் செய்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை அவருடைய படங்களை ஏராளமாக வெளியிட்டது. நம் நாட்டில் அவ்வழியைச் சிகரத்துக்குக் கொண்டு சென்றவர், ஐக்கிய மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன். புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி வைப்பார். புலியின் கால் அதில் பட்டதும் மக்னீசியம் பளீரென்று எரியும், காமிரா திறந்து மூடும். துப்பாக்கியைத் துறந்த அந்த உத்தமர் 1927-இல் வெளியிட்ட நூலைப் பார்த்தவர்கள், காட்டுப் புலியின் முகத்தை முதன்முறையாகக் கண்டார்கள் என்றே சொல்லலாம். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளைப்போல் இருப்பதில்லை என்பதும் அவருடைய படங்களால் தெளிவாயிற்று. ஆயினும் அம்முறைக்கு ஒரு குறை உண்டு. கம்பியை மிதித்த அந்த ஒரு க்ஷணத்துக்கு முன் புலி என்ன செய்துகொண்டிருந்தது, பின்னர் எவ்வாறு சென்றது என்பதைக் காண அங்கே எவரும் இல்லை.

மற்றொரு வழி 1891-இல் திறந்தது. லண்டனில் லென்ஸ் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தவரான தாமஸ் டால்மேயர் அவ்வாண்டில் டெலிபோட்டோ லென்ஸுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் மீத்தேயும் தனித்தனியே அதே யோசனைக்கு வந்திருந்தார்கள். முன்னால் ஒளியைக் குவிக்கும் லென்ஸ், அதன் பின்னால் குவிந்துவரும் ஒளியைச் சற்றே விரிக்கும் குழிலென்ஸ். இவ்விரண்டின் சேர்க்கையால், நெடுந்தூரக் குவியமுடைய லென்ஸ் தரும் பெரிய பிம்பம், அவ்வளவு நீளமான துருத்தியும் பெட்டியும் இல்லாமலே தகட்டில் விழுந்தது. ஆனால் கண்ணாடி தந்ததை ஒளி திரும்ப வாங்கிக்கொண்டது. பிம்பம் மூன்று மடங்கு பெரிதானால், அதே ஒளி ஒன்பது மடங்கு பரப்பில் பரவவேண்டியிருப்பதால், தகட்டுக்கு ஒன்பது மடங்கு நேரம் ஒளி காட்டவேண்டும். அவ்வளவு நேரமும் விலங்கு அசையாதிருக்க வேண்டும், காற்று முக்காலியை அசைக்காதிருக்க வேண்டும், ஏனெனில் பிம்பத்தோடு கூடவே நடுக்கமும் பெரிதாகிவிடுகிறது. மலைச்சிகரங்களையும் கோபுரங்களையும் எடுக்க இது இடையூறாகவில்லை. மானை எடுப்பது வேறு விஷயம். ஜெர்மானியராகிய ஷில்லிங்ஸ், கிழக்கு ஆப்பிரிக்காவின் சமவெளிகளுக்கு ஒளித்தூளோடு டெலிபோட்டோ லென்ஸ்களையும் கொண்டு சென்று, 1905-இல் தம் நூலை வெளியிட்டார். வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் தூரத்து உருவங்களைக் கலங்கச் செய்யும் வெளி அது. இருந்தும், மனிதன் பார்க்கிறான் என்ற எண்ணமே இல்லாத விலங்கைத் தூரத்திலிருந்து படமாக்கும் முயற்சி அத்தகையவர்களால் வேரூன்றியது.

பின்னர் பிலிமின் வேகம் பெருகிற்று. லென்ஸின் வாயும் அகன்றது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு ஜைஸ் கம்பெனி செய்த 180 மில்லிமீட்டர் லென்ஸ் அக்காலத்துக்கு ஓர் ஆச்சரியம். ஓட்டக்காரர்களுக்காகப் பிறந்த இத்தகைய சாதனங்கள் காட்டுக்கும் வந்து சேர்ந்தன. தூரம் கண்ணால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஜிம் கார்பெட் புலிகளைச் சலனப்படமாக எடுக்க முற்பட்டபோது, காமிரா ஓடும் சப்தமே அவற்றை விரட்டியது. ஆகவே சிற்றோடையில் கற்களை அடுக்கிச் சிறுசிறு அணைகள் கட்டி, அவற்றின்மேல் நீர் விழும் ஓசையில் யந்திரத்தின் ஓசை மறையும்படி செய்தார்.

தமிழ்நாட்டில் இக்கலையைத் தம் வாழ்க்கையாக்கிக்கொண்டவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகனாக 1912-இல் பிறந்த அவர், சட்டமும் தாவரவியலும் கற்று, சில காலம் சண்டூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியபின், பேனாவையும் காமிராவையும் தவிர வேறு ஜீவனோபாயத்தை நாடவில்லை. 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இடைவிடாது எழுதினார். கடையில் விற்கும் காமிரா எதுவும் அவருடைய காரியத்துக்குச் சரிப்படாததால், ஒன்றின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் வேறு சிலவற்றின் உறுப்புகளையும் தாமே இணைத்து, கனத்த யந்திரம் ஒன்றைச் சமைத்து அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வர்ணப் படத்தின்மேல் அவருக்கு நாட்டம் இருந்ததில்லை.

கால்நடையாகவும், பழக்கிய யானையின் முதுகிலிருந்தும் அவர் வேலை செய்தார். வளர்ப்பு யானையை அதன்மேலுள்ள மனிதனோடு கூடவே காட்டு விலங்குகள் பொறுத்துக்கொள்கின்றன என்பது காட்டில் பழகிய மாவுத்தர் எல்லோரும் அறிந்த சங்கதி. ஆனால் அந்த ஆசனம் ஒரு கணமும் சும்மா இருப்பதன்று. யானை அசையாமல் நின்றாலும் அதன் மூச்சில் முதுகு ஏறி இறங்குகிறது. காது விசிறும்போது தோள் ஆடுகிறது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றும்போது உட்கார்ந்திருப்பவரும் லென்ஸும் ஒருபுறம் சாய்கிறார்கள். மூச்சு இறங்கி, மறு மூச்சு ஏறுமுன் இருக்கும் சிறு இடைவெளியில்தான் ஷட்டரை விடவேண்டும். எதிரேயிருக்கும் காட்டெருமை தலை நிமிர்த்தி முறைக்கத் தொடங்கிவிட்டால் படம் கெட்டது; அது மறுபடியும் குனிந்து புல்லைக் கடிக்கும் வரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் காத்திருப்பே நீண்ட லென்ஸின் மெய்யான பயன் என்று நான் கருதுகிறேன். படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், விலங்கு அதன் போக்கில் வாழ்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் அங்கே இருக்கவேண்டியிருந்தது. 1968-இல் ஜவாஹர்லால் நேரு நினைவு நல்கையைப் பெற்றுத் தென்னிந்தியக் காடுகள் உள்ளிட்ட தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை கிருஷ்ணன் ஆராய்ந்ததும், அதன் பலனாக 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நூலை வெளியிட்டதும் அத்தகைய பார்வையின் விளைவுகளே. இன்று புலிகளை எண்ணுவதற்கு மரங்களில் கட்டி வைக்கும் தானியங்கிக் காமிராக்கள் சாம்பியனின் கம்பியிலிருந்து வந்த சந்ததி. அவை தந்த உபகாரம் பெரிது, அவையின்றி எண்ணிக்கை சரிப்படாது. ஆனால் யானைக் கூட்டம் கன்றை நடுவில் விட்டு ஓடையைக் கடக்கையில் எந்தப் பிடி முன்னே போயிற்று, எது பின்தங்கி நின்றது என்பதை எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும்.

கிருஷ்ணனுடைய படமும் எழுத்தும் ஒரே பொழுதில் பிறந்தவை. 2006-இல் ஆங்கிலத்தில் அவ்விரண்டும் ஒருங்கே தொகுக்கப்பட்டது மிகவும் பொருத்தமான காரியம். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்துத் தந்திருக்கிறார். அந்தக் கட்டுரைகளின் அருகே, கிருஷ்ணன் இருட்டறையில் கழுவி எடுத்த படங்களையும் நல்ல காகிதத்தில், பெரிய அளவில் அச்சிட்டு, தமிழ் வாசகர்களின் கைக்கு எட்டும் விலையில் யாரேனும் வெளியிடவேண்டும்.